ஐந்தாம் ரீலில் நான் இருந்தேன்

அந்தப் படத்தில் மிருகம் வரவே வராது என்று பத்திரிகையில் அச்சடித்திருந்தார்கள். வராமல் அது எங்கே போயிருக்கும்? அதற்குள் இருபத்து மூன்று நாள் நின்றது நான்தானே!

பத்திரிகையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டவள் என் மனைவி.

"உங்க படத்தைப் பத்தி வந்திருக்கு. பாராட்டித்தான் எழுதியிருக்காங்க. உங்களைத்தான் காணோம்."

சொல்லிவிட்டுத் துணி உலர்த்தப் போய்விட்டாள். ஒரு சண்டையைப் பற்றவைத்துவிட்டுத் துணி உலர்த்தப் போவது நாற்பத்தாறு வருஷமாக அவள் வழக்கம்.

எழுதியவர் ஒரு பல் டாக்டரம்மா. யாரும் சீண்டாத பழைய படங்களைத் தேடிப்பிடித்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நூலக மாடியில் போட்டுக்காட்டும் சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் செயலாளர் அவர். 'உறைந்தவன்' என்ற படம் கவனிப்பாரற்றுப் போனது பெரிய அநியாயம் என்று தொடங்கியிருந்தார். அதுவரை சரி. அடுத்த வரியில், "கடைசிவரை மிருகத்தைக் காட்டாமலே நம்மை நடுங்க வைத்த இயக்குநரின் துணிச்சலுக்கு ஈடே இல்லை" என்று போட்டிருந்தார்.

காட்டாமலேயாம்! ஒன்பது நிமிஷம் காட்டினோம். முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டில் இரண்டு தரம், வால் தனியாக.

நான் சோபா தைக்கிறவன். சினிமாவைத் தேடி நான் போகவில்லை. ஒருநாள் குடைக்காரர் என் கடைக்கு வந்தார். அவர்தான் இயக்குநர். வெயில், மழை, வீட்டுக்குள் என்ற பேதமே இல்லாமல் எந்நேரமும் குடை விரித்திருப்பார், அதனால் அந்தப் பெயர்.

"ஏழடி உயரத்துல ஒரு மிருகம் வேணும். தைச்சுத் தருவீங்களா?" என்றார்.

"கை வெச்சதா, கை வெக்காததா?" என்று கேட்டேன். சோபாவுக்குக் கேட்கிற கேள்வி. வாய்ப் பழக்கம்.

"கை வெச்சது. உள்ள ஆள் நிக்கணும்."

"யார் அளவுக்கு?"

"நடிகரை அப்புறம் பாத்துக்கலாம்."

அளவில்லாமல் தைக்க நான் என்ன மந்திரவாதியா? கடையில் இருந்த ஒரே உடம்பு என்னுடையது. அந்த அளவுக்குத் தைத்தேன். பிறகு மூன்று நடிகர்கள் வந்து நுழைந்து பார்த்தார்கள். ஒருவருக்குத் தோள் இடித்தது. இன்னொருவருக்கு இடுப்பு தொங்கியது. மூன்றாமவர் உள்ளே போன ஒரு நிமிஷத்தில் அம்மாவைக் கூப்பிட்டு அழுதார். குடைக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். என் அளவுநாடாவே என்னைச் சினிமாவுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

மூடிக்கிடந்த ஒரு ஐஸ் பேக்டரியில் படப்பிடிப்பு. பெயர்தான் ஐஸ். மிருகத்துக்குள்ளே இருந்த சூட்டில் நான் வேர்த்த வேர்வை இரண்டாம் நாளே வலது காலில் முட்டிவரை நிரம்பி, ஒரு தவளை குடிவந்தது. மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். மிகைப்படுத்துகிறவனாக இருந்தால் இரண்டு தவளை என்று சொல்லியிருப்பேன். ஐந்தாம் நாள் சூடு தாங்காமல் அதுவாகவே காலி செய்துகொண்டு போய்விட்டது.

சாப்பாட்டு இடைவேளையில் ஒரு பூனை வாலுக்குள் புகுந்து நான்கு குட்டி போட்டது. குடைக்காரருக்கு இளகிய மனசு. குட்டிகள் கண் திறக்கும்வரை வால் அசையக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். ஒன்பது நாள் மிருகம் நின்ற இடத்தைவிட்டு நகராமலே படம் எடுத்தோம். கண்ணுக்கு வைத்த டார்ச் பல்பு வேர்வையில் நனைந்து ஷாக் அடித்ததில், ஓரிடத்தில் நான் கூரைவரை துள்ளியிருப்பேன். அப்படி ஒரு துள்ளலை எந்த நடிகனும் இதுவரை துள்ளியதில்லை. அதெல்லாம் ஐந்தாம் ரீலில் இருக்கிறது.

உறுமல் என் மனைவியுடையது. ஒலிப்பதிவாளர் வீட்டுக்கு வந்த நேரம், தொண்டைக் கட்டுக்கு உப்புத் தண்ணீர் விட்டு வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். அவர் அதை அப்படியே பிடித்து, வேகத்தைப் பாதியாக்கி ஓட்டினார். ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு ஆள் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஒரு குறை நேர்ந்தது, என் தப்புதான். இடது காலுக்கு வைத்திருந்த பஞ்சை ஒரு வக்கீலின் அவசர சோபாவுக்குப் போட்டுத் தைத்துவிட்டேன். கதவுக்கு அடியில் உள்ள சந்தில் மிருகத்தின் கால் மட்டும் தெரிகிற காட்சி அன்றைக்கு. வெறுங்காலோடு போய் நின்றேன். சின்ன வயசில் சைக்கிள் சங்கிலியில் மாட்டிய கால் அது. இரண்டாம் விரல் கட்டைவிரல் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். நகம் ஆமை ஓடு மாதிரி. குடைக்காரர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "இதுக்கு மேல எதையும் மாட்ட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் கிரீஸ் மட்டும் தடவினார். அது மூன்றாம் ரீல்.

அவர் அத்தோடு நிறுத்திவிடத்தான் இருந்தார். கால், உறுமல், இருட்டு, அவ்வளவு போதும் என்றார். தயாரிப்பாளர் பம்புசெட் கடை வைத்திருந்தவர். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "இவ்வளவு பாடுபட்டு செஞ்ச மிருகத்தை இருட்டுல ஒளிச்சு வெச்சா எப்படி? நான் பம்பு விக்கிறேன்னா, பம்பைக் காட்டித்தானே விக்கிறேன்? லைட்டைப் போடு. வால் தெரியணும்." நானும் அவர் பக்கம்தான் பேசினேன். தைத்தவனுக்குத் தையல் தெரிய வேண்டாமா? குடைக்காரர் குடையை மடக்கினார். அவர் குடையை மடக்கி நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். இப்போது அவர் இல்லை.

படம் நான்கு தியேட்டரில் வந்தது. மூன்றில் மூன்றே நாள். நான்காவதில் பதினோரு வாரம்! அங்கே ஆபரேட்டர் என் மச்சான், மனைவியின் தம்பி. அந்தப் பதினோரு வாரமும் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு, ஆட்டம் முடிகிற நேரத்துக்கு வாசலில் போய் நிற்பேன். ஏற்கனவே போட்டுப் பார்த்த படம், உள்ளே போய் என்ன செய்யப் போகிறேன்? வெளியே வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பேன். சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். ஒரு ஆள் அடுத்தவர் செருப்பை ஒற்றைக்காலில் மாட்டிக்கொண்டு போனார். எல்லாம் நான் போட்ட போடு என்று நாற்பது வருஷமாகச் சொல்லிவருகிறேன். பேத்தியின் பள்ளிக்கூடத்தில்கூடச் சொல்லியிருக்கிறேன். இப்போது அந்தப் பேத்தி பத்திரிகையைப் படித்துவிட்டு, "தாத்தா, நீங்க நிஜமாவே அந்தப் படத்துல இருந்தீங்களா?" என்று போனில் கேட்கிறாள். விடலாமா?

மறுநாள் காலை பல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா ஒரு ஆளின் வாயைத் திறந்துவைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

"பல் வலியா ஐயா? வெளிய உக்காருங்க."

"வலி வேற எடத்துல. உறைந்தவன்ல மிருகம் வரலைன்னு எழுதினீங்களே, அதான் நேர்ல வந்திருக்கேன்."

நாற்காலியில் இருந்தவர் திறந்த வாய் திறந்தபடி என்னைப் பார்த்தார்.

"நீங்களா அது? ஐயோ, உக்காருங்க ஐயா!" டாக்டரம்மாவுக்கு உண்மையாகவே சந்தோஷம். "ஆனா நான் நாலு தடவை பாத்துட்டேனே. மிருகம் வராதே. அந்தப் பொண்ணு குளிர் அறைக் கதவைத் திறக்குது, ஒரே இருட்டு. அடுத்த காட்சியில ஜனம் மொத்தமும் வெளியில தரையில உக்காந்திருக்கு, ஒருத்தரும் பேசல. உள்ள என்ன நடந்துச்சுன்னே காட்டல. என்ன ஒரு வெட்டு!"

"வெட்டு இல்லம்மா, ஓட்டை. நடுவுல ஒரு ரீல் காணாமப் போயிருக்கு. டப்பா எத்தனை இருந்துச்சு?"

"ஏழு. தியேட்டரை இடிச்சப்போ எடுத்து வெச்சோம். நம்பரெல்லாம் துருப்பிடிச்சுப் போயிருந்துச்சு."

"மொத்தம் எட்டு. பல்லையும் இப்படி எண்ணாமத்தான் புடுங்குவீங்களா?"

நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வலியா சிரிப்பா, தெரியவில்லை.

"அந்த ரீல் கிடைச்சா கொண்டுவாங்க. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு மறுபடி போடுறோம். கண்டிப்பா சேத்துப் போடுறேன்." கொஞ்சம் தயங்கினார். "கோவிச்சுக்காதீங்க ஐயா, ஒண்ணு சொல்றேன். அது இல்லாமலே நல்லாத்தான் இருக்கு."

இல்லாமலே நல்லாயிருக்காம். என் முகத்துக்கு நேராகவே சொன்னார். தினமும் பத்துப் பேரிடம் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சொல்கிற வாக்கியம் அது. அவருக்குப் பழகிப்போயிருக்கும்.

ரீல் எங்கே இருக்கும் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தத் தியேட்டரில் ரீலைத் தொட்ட கை ஒன்றே ஒன்று. நேராக மச்சான் வீட்டுக்குப் போனேன். பால்கனியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"அஞ்சாவது ரீல் எங்கடா?"

"எந்த ரீல் மாமா?" என்றான். ஆனால் அவன் கண் ஒரு நொடி ஒரு பூந்தொட்டிப் பக்கம் போய் வந்தது. பின்னாலேயே என் கண்ணும் போனது. தொட்டிக்கு அடியில் வட்டமாக, தட்டையாக ஒரு தகர டப்பா.

"அடப்பாவி! நாப்பது வருஷமா என் தலையில செடி வளத்திருக்க!"

"உக்காருங்க மாமா. கத்தாதீங்க, பக்கத்து வீட்டுல தூங்குறாங்க."

"காலையில பதினோரு மணிக்கு என்னடா தூக்கம்?"

"முதல் நாள் மதிய ஆட்டம்" என்று ஆரம்பித்தான். "நாலு ரீல் ஓடுறவரைக்கும் ஜனம் மூச்சு விடல மாமா. எனக்கே மிஷின் பக்கத்துல தனியா நிக்க ஒரு மாதிரி இருந்துச்சு. அஞ்சாவதுல நீங்க வந்தீங்க. முன் வரிசையில ஒருத்தன் எழுந்து நின்னு கத்துனான்."

"பயந்து?"

"'டேய், எங்க வீட்டு சோபாடா!'ன்னு."

நான் தொட்டியை நகர்த்தி டப்பாவை எடுத்தேன்.

மிருகத்தின் தோலுக்குக் கடையில் மிச்சம் கிடந்த துணியைத்தான் போட்டேன். கரும்பச்சை, நடுநடுவே பழுப்பு இலை. நல்ல முரட்டுத் துணி. சாயம் போகாது, சாதாரணத்தில் கிழியாது. அந்த வருஷம் சுற்றுவட்டாரத்தில் நான் விற்ற அறுபது எழுபது சோபாவும் அதே துணிதான். வக்கீல் வீடு, ஸ்கூல் ஹெட்மாஸ்டர் வீடு, பம்புசெட் முதலாளி ஆபீஸ், எல்லாம் அதே கரும்பச்சை. நல்ல துணி கையில் இருக்கும்போது யாராவது மட்டத் துணியைத் தேடிப் போவார்களா? இதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

"அப்புறம் தியேட்டர் முழுக்க அதே பேச்சு மாமா. 'எங்க வீட்டுதும் அதே', 'எங்களுது நாலு பேர் உக்கார்றது'ன்னு. ஒரு அம்மா, 'இதுவும் நம்மளுது மாதிரியே கைப்பிடிகிட்ட பிரிஞ்சிருக்கு பாருங்க'ன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்றாங்க."

"கைப்பிடி இல்லடா, தோள்பட்டை!"

"அடுத்த ஆட்டம், நடுவுல கரண்ட் போய் நேரமாயிடுச்சு. நேரம் போச்சுன்னா எல்லா ஆபரேட்டரும் ஒரு ரீலை விழுங்கிட்டுப் போறதுதான். நான் விழுங்கினது அஞ்சாவது. படம் முடிஞ்சு ஜனம் சத்தமே இல்லாம வெளிய போகுது. ஒருத்தர் மட்டும் என்கிட்ட வந்து, சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் துணைக்கு வர்றியா தம்பின்னு கேட்டார். போலீஸ்காரர் மாமா அவர். மறுநாள் அஞ்சாவதைச் சேத்துப் போட்டேன், சிரிப்பு. எடுத்துட்டேன், பயம். அப்புறம் சேக்கவே இல்ல."

"பதினோரு வாரமா?"

"பதினோரு வாரம்."

"என்கிட்ட ஏண்டா சொல்லல?"

"அக்காதான் சொல்ல வேண்டாம்னா."

வீட்டுக்குத் திரும்பி, டப்பாவை அவள் முன்னால் வைத்தேன். பார்த்ததும் புரிந்துகொண்டாள். அதிர்ச்சி கிதிர்ச்சி ஒன்றும் இல்லை.

"நாப்பது வருஷமா தெரிஞ்சுகிட்டே சும்மா இருந்தியா?"

"அப்ப சொல்லியிருந்தா வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சிருப்பீங்க. இப்ப முட்டி வலி. பாதிதான் குதிப்பீங்க."

நான் முழுசாகவே குதித்தேன். குதித்துவிட்டு எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்தேன். கரும்பச்சை, பழுப்பு இலை. அங்கே உட்கார்ந்துதான் எனக்கு அது உறைத்தது: ஊரில் அந்தத் துணியே இப்போது கிடையாது! அறுபது சோபாவும் காலாவதியாகிவிட்டன. மிச்சம் இருப்பது நான் உட்கார்ந்திருக்கிற இது ஒன்றுதான். இன்றைக்குப் பார்க்கிறவனுக்கு அது சோபாத் துணி என்று எப்படித் தெரியும்? இனிமேல்தான் அந்த ஒன்பது நிமிஷத்துக்கு உரிய மரியாதை கிடைக்கப் போகிறது. பேத்தியை வரச்சொல்லிப் போன் போட்டேன். டப்பாவைத் துடைத்து, திறந்து, பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கட்டைவிரல் அகலத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். கம்பீரமாக.

ஞாயிற்றுக்கிழமை நூலக மாடியில் நாற்பது பேர் இருக்கும். மிஷினை ஓட்டத் தெரிந்த ஆள் வேறு கிடைக்காததால் டாக்டரம்மா மச்சானையே பிடித்துவந்திருந்தார். மிஷின் ஒன்றே ஒன்று. ஒரு ரீல் முடிந்து அடுத்ததை மாட்ட இரண்டு நிமிஷம் ஆகும். அந்த இரண்டு நிமிஷமும் விளக்கைப் போடாமல் இருட்டிலேயே உட்கார வைப்பார்கள். நான்காவது முடிந்ததும் நான் போய் டப்பாவைக் கொடுப்பதாக ஏற்பாடு. டப்பா என் மடியில். வலதுபக்கம் மனைவி, இடதுபக்கம் பேத்தி. மனைவி அந்தப் படத்தை அதுவரை பார்த்ததே இல்லை. "வீட்டுல பாக்குறது போதாதா" என்று அப்போது வர மறுத்தவள்.

முதல் உறுமல் வந்ததும் என் கையைப் பிடித்தாள்.

"என்னங்க சத்தம் அது?"

"நீதான். வாய் கொப்பளிக்கிற."

"சும்மா இருங்க" என்றாள். பிடியை விடவில்லை.

மூன்றாம் ரீலில் கதவுச் சந்து வந்தது. சந்தில் கால் வந்தது. வந்து நின்றது, அவ்வளவுதான். எனக்கு முன்னால் இருந்த வரிசையே ஒருசேரப் பின்னுக்குச் சாய்ந்தது. என் மனைவி இரண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டாள். நாற்பத்தாறு வருஷமாக அந்தக் காலோடு குடித்தனம் நடத்துகிறவள்!

நான்காவது முடிந்தது. அந்தப் பெண் குளிர் அறைக் கதவைத் திறந்தாள். திரை இருண்டது. நான் எழுந்து, டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு, பின்பக்கம் மிஷின் அறைக்குப் போனேன்.

"குடுங்க மாமா" என்று மச்சான் கை நீட்டினான்.

கொடுக்கத்தான் போனேன். கொடுப்பதற்கு முன்னால் ஒருதரம் திரும்பிப் பார்த்துத் தொலைத்தேன். இருட்டில் நாற்பது தலை. ஒன்றும் அசையவில்லை. ஒரு இருமல் இல்லை, நாற்காலி முனகல் இல்லை. யாரோ ஒரு பெண் ரகசியக் குரலில், "பின்னாடி கதவு சாத்தியிருக்கா?" என்று கேட்டாள். யாரும் திரும்பிப் பார்க்கத் துணியவில்லை. கதவருகே நின்றது நான்தான். ஏழடி மிருகத்துக்குள் இருபத்து மூன்று நாள் வெந்தும் நான் பார்க்காத ஒன்று அங்கே உட்கார்ந்திருந்தது. அவர்கள் எல்லாரும் அந்தக் குளிர் அறைக் கதவுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கரும்பச்சையாக இல்லை. அதற்குப் பழுப்பு இலை போட்டிருக்கவில்லை.

"மாமா, குடுங்க. நேரமாகுது."

"மூடி திறக்க மாட்டேங்குதுடா."

"நேத்து திறந்து பாத்தேன்னு சொன்னீங்க?"

"துரு. உனக்கு என்ன தெரியும் துருவைப் பத்தி? ஆறாவதைப் போடு."

மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தான். ஏதாவது பேசியிருந்தால் டப்பாவாலேயே அடித்திருப்பேன். பேசாமல் ஆறாவதை மாட்டினான். நான் திரும்பி வந்து, டப்பாவை நாற்காலியில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தேன். மீதிப் படத்தை மற்றவர்களைவிட இரண்டு அங்குலம் உயரத்தில் இருந்து பார்த்தேன். பேத்தி, "தாத்தா, நீங்க எப்ப வருவீங்க?" என்று காதில் கேட்டாள். டப்பா மேல் இன்னும் அழுத்தி உட்கார்ந்தேன்.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் கைதட்டல். டாக்டரம்மா முன்னால் போய் நின்று, குடைக்காரரின் துணிச்சல், குடைக்காரரின் அடக்கம் என்று பத்து நிமிஷம் பேசினார். அடக்கமாம்! நான் டப்பா மேல் அடங்கி உட்கார்ந்திருந்தது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. கடைசியில், "இன்னொரு விசேஷம். இந்தப் படத்துல மிருகமா நடிச்ச ஐயா இங்கயே இருக்கார்" என்றார்.

எல்லாரும் திரும்பினார்கள். மூன்றாம் வரிசையில் தொப்பி போட்ட ஒரு ஆள் கேட்டார்:

"படத்துல மிருகமே வரலையே ஐயா! நீங்க எங்க நடிச்சீங்க?"

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். மூன்று தியேட்டரை மூன்றே நாளில் காலி செய்த சிரிப்பு அதுதான். பேத்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் எழுந்து முன்னால் போனேன். திரைக்குக் கீழே ஒரு மேடை, உட்கார்ந்திருப்பவர்களின் கண் உயரத்துக்கு. டாக்டரம்மாவின் நாற்காலியை இழுத்து அதில் போட்டு, ஏறி, விளக்குக்கு நேர் கீழே உட்கார்ந்தேன். இடது செருப்பைக் கழற்றினேன். காலை மேடை விளிம்பில் கொண்டுவந்து வைத்தேன். வைத்தேன், அவ்வளவுதான்.

சிரிப்பு முன் வரிசையில் முதலில் நின்றது. பிறகு ஒவ்வொரு வரிசையாக, விளக்கணைத்துக்கொண்டே போவது மாதிரி, பின்னால்வரை நின்றது. முன்வரிசை அம்மா ஒருவர் மடியில் இருந்த பையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டார். பத்து வருஷமாக ஊரார் வாய்க்குள் பார்த்துப் பழகிய டாக்டரம்மா இரண்டு அடி பின்னால் போனார்.

நான் இரண்டாம் விரலை மெதுவாக, கட்டைவிரல் மேலிருந்து ஒரு நூல் அளவுக்கு மட்டும் தூக்கினேன்.

"தாத்தாதான்!" என்று பேத்தி கத்தினாள். "ஐயோ, தாத்தாதான் அது!"

என்னைப் பார்த்து முதல்முறையாக ஒரு கூட்டமே மூச்சுப் பிடித்து உட்கார்ந்திருந்தது. லைட் போட்டிருந்தது, தையல் ஒன்றும் இல்லை. இன்னும் ஒன்பது நிமிஷம் அப்படியே வைத்திருப்பதாகத்தான் உத்தேசம்.

பின்வரிசையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"பாத்துட்டாங்க, போதும். செருப்பை மாட்டிட்டு இறங்குங்க."